பூந்தொட்டிக்குள் 2,890 டாலர்: நியூயார்க் சிட்டி காலேஜ் கூடைப்பந்து அணி, ஒரு நிகழ்வு ஆய்வு

1951 பிப்ரவரி மாதக் கடைசி. ஃப்ளாய்ட் லேன் என்ற கல்லூரி மாணவர், தன் படுக்கையறையில் இருந்த ஒரு பூந்தொட்டியை நியூயார்க் துப்பறியும் போலீசாருக்குக் காட்டிக்கொடுத்தார். தொட்டிக்குள் கைக்குட்டையில் சுற்றிய நோட்டுக்கட்டு ஒன்று இருந்தது. எண்ணிப் பார்த்தார்கள், 2,890 டாலர். அவர் வாங்கியிருந்தது 3,000. அதில் செலவானது 110 டாலர் மட்டும்தான்.

பதினோரு மாதத்துக்கு முன்புதான் இதே லேன், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்த அணியில் முதல் ஐவரில் ஒருவராக ஆடியிருந்தார். சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க், சுருக்கமாக சிட்டி காலேஜ், 1950-ல் என்ஐடி, என்சிஏஏ என்ற இரண்டு தேசியப் பட்டங்களையும் ஒரே மார்ச் மாதத்தில் வென்றது. அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்தக் கல்லூரியும் ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றதில்லை.

பணத்தாசை பிடித்த பையன்கள் ஆட்டத்தை விற்றார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்தப் பூந்தொட்டி விளங்காது. பணத்தாசை பிடித்தவன் பணத்தை மண்ணுக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்க மாட்டான். இந்த வழக்கைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. அந்தப் பையன்கள் வெற்றியை விற்பதாக நினைக்கவே இல்லை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பது என்பதை மட்டும்தான் விற்பதாக நினைத்தார்கள். அப்படி நினைக்க வழி செய்துகொடுத்த ஒரு கணக்கு அன்றைய சூதாட்டத்தில் இருந்தது. அந்தக் கணக்கை வைத்துச் சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

கட்டணமில்லாத கல்லூரி

சிட்டி காலேஜ் 1847-ல் ஃப்ரீ அகாடமி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பெயருக்கேற்ப அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. 1976 வரை அப்படியேதான் இருந்தது. மதிப்பெண் இருந்தால் இடம் உண்டு. பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு மறைமுகமாக ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருந்த காலத்தில், குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிதான் வாசல். போலியோ தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் இங்கே படித்தவர். மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சப்வே ரயிலில் வந்து படித்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் கிடையாது.

கூடைப்பந்து அணிக்கு 1919 முதல் பயிற்சியாளர் நேட் ஹோல்மன். 1896-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தவர். 1920-களில் ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் நட்சத்திரமாக ஆடிக்கொண்டே கல்லூரி அணியையும் நடத்தினார். பத்திரிகைகள் அவரை 'மிஸ்டர் பாஸ்கெட்பால்' என்றே எழுதின. அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் நகரத்துச் சின்னத் திடல்களில் பிறந்தது. பந்தைக் கொடு, கொடுத்த கையோடு கூடையை நோக்கி ஓடு, உன்னைக் காவல் காப்பவன் ஒரு நொடி கண்ணசந்தால் பந்து திரும்ப உன் கைக்கு வரும். உயரமான ஆட்கள் கிடைக்காத ஊருக்கு ஏற்ற ஆட்டம் அது. தனியாளின் திறமையைவிட ஐந்து பேரும் ஒரே மனதாக நகர்வது அதில் முக்கியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹோல்மனின் அணி பல ஆண்டுகள் நன்றாக ஆடியது. 1947-ல் என்சிஏஏ தொடரில் ஹோலி கிராஸ் கல்லூரியிடம் தோற்று வெளியே வந்தது. தேசியப் பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

1949 இலையுதிர் காலத்தில் நான்கு இரண்டாமாண்டு மாணவர்கள் வார்சிட்டி எனப்படும் கல்லூரியின் முதன்மை அணிக்கு ஏறி வந்தார்கள். முதலாமாண்டு மாணவர்கள் வார்சிட்டியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி, அதனால் நால்வரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். ஹார்லெமில் வளர்ந்த எட் வார்னர். பிராங்க்ஸிலிருந்து எட் ரோமன், ஃப்ளாய்ட் லேன். புரூக்ளினிலிருந்து அல் ராத். இவர்களோடு இறுதியாண்டு மாணவர் இர்வின் டாம்ப்ராட் கேப்டன். வார்னரும் லேனும் கறுப்பினத்தவர், மற்ற மூவரும் யூதர்கள். அன்றைக்குத் தெற்கு மாநிலங்களின் பெரிய அணிகளில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆட முடியாது. அந்த நாட்டில் இப்படி ஓர் ஐவர் அணி ஆடுகளத்தில் வந்து நிற்பதே ஒரு செய்திதான்.

1950 மார்ச்

சீசன் ஓரளவுக்குத்தான் போனது. தொடர்கள் தொடங்கும்போது 17 வெற்றி, 5 தோல்வி. தேசியத் தரவரிசையில் பெயர் இல்லை. என்ஐடி நடத்தியவர்கள் அழைத்ததே பெரிது. அன்று என்ஐடி என்சிஏஏவுக்குச் சளைத்த தொடர் இல்லை. 1938-ல், அதாவது ஓராண்டு முன்னதாகவே, தொடங்கியது. அது நடந்த இடமும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம்.

முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் சான் பிரான்சிஸ்கோவை 65–46 என்று வீழ்த்தினார்கள். அடுத்து கென்டக்கி. 1948, 1949 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து என்சிஏஏ பட்டம் வென்ற அணி. பயிற்சியாளர் அடால்ஃப் ரப். அணி முழுக்க வெள்ளையர்கள். ஆட்டத்துக்கு முன் சிட்டி வீரர்கள் கைகுலுக்கக் கை நீட்டியபோது கென்டக்கி வீரர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அன்று ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தபோது பலகையில் 89–50. ரப்பின் பயிற்சியாளர் வாழ்க்கையிலேயே மிக மோசமான தோல்வி அதுதான்.

அப்புறம் டியூகேனை 62–52, மார்ச் 18 இறுதியாட்டத்தில் நாட்டின் முதல் நிலை அணியான பிராட்லியை 69–61. என்ஐடி பட்டம் கையில். தொடரின் சிறந்த வீரர் எட் வார்னர்.

பத்தே நாள்தான். அதற்குள் என்சிஏஏ தொடர். ஒஹாயோ ஸ்டேட்டை ஒற்றைப் புள்ளியில், 56–55. நார்த் கரோலினா ஸ்டேட்டை 78–73. மார்ச் 28 இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே பிராட்லி. சிட்டியின் ஆட்டங்கள் எல்லாம் அதே கார்டனில், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் நடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி நொடிகளை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். சிட்டியின் முன்னிலை கரைந்து கரைந்து ஒரே புள்ளியில் வந்து நிற்கிறது, 69–68. பிராட்லியின் ஜீன் மெல்கியோர், குள்ளமான, கெட்டிக்கார ஆட்டக்காரர், கூடையை நோக்கிப் பாய்கிறார். அந்தப் பந்து விழுந்தால் பட்டம் பிராட்லிக்கு. டாம்ப்ராட் குறுக்கே வந்து பந்தைத் தடுத்துக் கைப்பற்றுகிறார். அதே வேகத்தில் தூரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்த நார்ம் மேகருக்கு நீளமாக எறிகிறார். ஆட்டத்தின் நடுவே மோதி நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தவர் மேகர். அவர் பந்தைக் கூடையில் இட, 71–68. ஹோல்மன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தின் சாரம் முழுக்க அந்த ஒரு நகர்வில் இருந்தது: ஒருவர் தடுக்கிறார், இன்னொருவர் கேட்காமலே ஓடுகிறார்.

'அல்லகரூ' என்பது கல்லூரியின் உற்சாக முழக்கம். அன்றிரவு மேன்ஹாட்டன் தெருக்களில் மாணவர்கள் அதைக் கத்திக்கொண்டே போனார்கள். மறுநாள் கல்லூரி வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள், பத்தடி ஓடினால் சுவரில் இடிக்கும் திடல்களில் ஆடப் பழகியவர்கள், நாட்டின் முதல் நிலை அணியைப் பத்து நாளில் இரண்டு முறை தோற்கடித்திருந்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. தொடரின் ஆட்டங்கள் விலைபோனதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

ஆனால் அதே சீசனின் வழக்கமான ஆட்டங்களில் சில, அதற்கு முன்பே விலைபோயிருந்தன.

வித்தியாசத்துக்கு ஒரு விலை

இந்த வழக்கின் இதயம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பழைய நாட்களில் பந்தயம் கட்டுவது என்றால் யார் ஜெயிப்பார் என்று கட்டுவது. பலமான அணியும் பலவீனமான அணியும் மோதினால் எல்லோரும் பலமான பக்கமே கட்டுவார்கள், பந்தயம் நடத்தும் புக்கிக்கு வியாபாரம் இல்லை. 1940-களில் பாயின்ட் ஸ்ப்ரெட் என்ற முறை பரவியது. சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்நீல் என்ற முன்னாள் கணித ஆசிரியர் அதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். பலமான அணி 9 புள்ளியில் ஜெயிக்கும் என்று புக்கி ஒரு கோடு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அணி 10 அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால், அதன் மேல் கட்டியவருக்குப் பணம். 8 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தால், எதிரணி மேல் கட்டியவருக்குப் பணம். இப்படிச் செய்தால் எந்த ஆட்டமும் சரிபாதிப் பந்தயம் ஆகிவிடும். எப்பேர்ப்பட்ட சப்பை ஆட்டத்துக்கும் கடைசி நொடிவரை பரபரப்பு இருக்கும்.

இதே கோடு ஆட்டக்காரரிடம் பேரம் பேச வருபவருக்கும் ஒரு புது வாக்கியத்தைக் கொடுத்தது: "தோற்கச் சொல்லவில்லை தம்பி, ஜெயித்துக்கொள். கொஞ்சம் குறைவாக ஜெயி."

இதற்குப் பெயர் பாயின்ட் ஷேவிங். ஆட்டக்காரர் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்ளத் தோதான வாக்கியம் அது. கல்லூரிக்கு வெற்றி கிடைக்கும், நண்பர்கள் கைதட்டுவார்கள், பயிற்சியாளர் திட்ட மாட்டார். நஷ்டம் யாருக்கு? முகம் தெரியாத ஏதோ ஒரு சூதாடிக்கு. 19, 20 வயதில், பையில் சப்வேக்குச் சில்லறை மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த வாதத்தை உடைப்பது கஷ்டம்.

அவர்களைச் சுற்றியிருந்த உலகமும் இந்த வாதத்தைத்தான் தினமும் ஊட்டியது. 1934 டிசம்பரில் நெட் ஐரிஷ் என்ற முன்னாள் விளையாட்டு நிருபர், கார்டனில் ஒரே மாலையில் இரண்டு கல்லூரி ஆட்டங்கள் என்று நடத்தத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பெரிய வியாபாரம் ஆனது. ஓர் இரவுக்கு 18 ஆயிரம் பேர் வரை. டிக்கெட் காசு கார்டனுக்கும் கல்லூரிகளுக்கும் போனது. செய்தித்தாள்கள் ஸ்ப்ரெட் எண்களை அச்சிட்டன. வெற்றி உறுதியான பிறகும், கடைசி நிமிடத்தில் விழும் ஒரு சாதாரணக் கூடைக்கு அரங்கமே எழுந்து கத்தும். ஆடுகளத்தில் நிற்கும் பையனுக்கு அந்தக் கத்தலின் அர்த்தம் தெரியாமலா இருக்கும்?

கோடையில் இன்னொரு பள்ளிக்கூடம் நடந்தது. நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலை விடுதிகள். கல்லூரி ஆட்டக்காரர்கள் அங்கே சிப்பந்தி வேலைக்குப் போவார்கள், மாலையில் விடுதிக்கு விடுதி கூடைப்பந்து ஆடுவார்கள். விருந்தினர்கள் மொத்தப் புள்ளி எவ்வளவு வரும் என்று சீட்டு எடுத்துப் பந்தயம் கட்டுவார்கள். எண்ணைச் சற்று அப்படி இப்படித் தள்ளி, அதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வது அங்கே விளையாட்டுபோலவே நடந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் எடி கார்டும், சால்வடோர் சோலாசோ என்ற நகை வியாபாரியான சூதாடியும் பழகியது இந்த மலை விடுதி வட்டாரத்தில்தான். கார்டுதான் பின்னர் ஆட்டக்காரர்களுக்கும் சோலாசோவுக்கும் நடுவே தரகர்.

எச்சரிக்கையே இல்லாமல் வந்த வெள்ளமும் இல்லை இது. 1945-ல் புரூக்ளின் காலேஜின் ஐந்து ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் தோற்பதற்குப் பணம் வாங்கியது வெளிவந்திருந்தது. நியூயார்க் மாநிலம் சட்டத்தை மாற்றி, கல்லூரி ஆட்டக்காரருக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. அதன் பிறகும் கார்டனில் ஆட்டங்கள் ஓயவில்லை, கூட்டம் கூடிக்கொண்டேதான் போனது.

சரி, அந்த வாதம் நடைமுறையில் எப்படி முடிந்தது? இதைத்தான் நான் இந்த வழக்கின் மிக முக்கியமான சான்று என்று நினைக்கிறேன். 1950–51 சீசனில் பேரம் போன மூன்று ஆட்டங்கள் மிசூரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆகியவற்றுக்கு எதிரானவை. ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 1,500 டாலர் வரை பேசப்பட்டது. மூன்றிலும் சிட்டி தோற்றது: 54–37, 41–38, 63–59. நாட்டின் சாம்பியன் அணி, சொந்த ஊர் கார்டனில்.

குறைவாக ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஹோல்மனின் ஆட்டத்தில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் நம்பி ஓட வேண்டும் என்று முன்பே சொன்னேன். கொடுத்துவிட்டு ஓடுகிறவனுக்குப் பந்து திரும்பி வருமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்த ஆட்டமே கிடையாது. இரண்டு பேர் அரை நொடி தாமதித்தால் போதும், மற்ற மூவரின் ஓட்டமும் வீண். தண்ணீர்க் குழாயைப் பாதி மூடுவதுபோல ஓர் அணியைப் பாதி மூட முடியாது. பையன்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் ஆடுகளத்தில் இறங்கிய நிமிடமே பொய்யாகிப் போனது. அதற்குப் பிறகும் நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் கையில் பணம் இருந்தது, பணம் கொடுத்தவனுக்கு இவர்கள் பெயரும் தெரிந்திருந்தது.

வேண்டாம் என்று சொன்னவர்

எல்லாம் வெளியே வரக் காரணமானவர் சிட்டி காலேஜ் ஆட்டக்காரர் இல்லை. 1951 ஜனவரியில் மேன்ஹாட்டன் காலேஜ் அணியின் ஜூனியஸ் கெல்லாக்கிடம், அதே அணியின் முன்னாள் வீரர் ஒருவர் வந்து 1,000 டாலர் பேசினார். எப்படிச் செய்வது என்றும் விளக்கினார்: கூடையில் விழாமல் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, அவ்வப்போது தவறவிடு, பந்து கைக்கு வந்தால் உடனே முன்னால் எறியாதே, கூடையைத் தாண்டிப் போகும்படி போடு. கெல்லாக் அந்தக் கல்லூரி அணியின் முதல் கறுப்பின வீரர். மணிக்கு 75 சென்ட் கூலிக்கு ஒரு கஸ்டர்ட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1,000 டாலர் என்பது அவருக்கு 1,300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேலை. அவர் நேராகப் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். விஷயம் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃப்ராங்க் ஹோகன் கைக்குப் போனது.

கெல்லாக் நேர்மையானவர், மற்றவர்கள் இல்லை என்று எளிதாகப் பிரித்துவிடலாம். அவரது நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கெல்லாக்கிடம் கேட்டபோது அவர் தனியாக இருந்தார். இல்லை என்று சொன்னால் அவர் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. சிட்டி அணியில் அப்படி இல்லை. தினமும் கூட ஆடுகிற, ஒரே வகுப்பில் உட்கார்கிற நண்பன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். அவனே வந்து கேட்கிறான். மறுத்தால் பணம் மட்டும் போகாது, அவன் வாழ்க்கையே தன் வாயில் தொங்கும். வெற்றிக்குக் காரணமான அதே நெருக்கத்தைத்தான் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கெல்லாக்கின் பிற்காலமும் சொல்லப்பட வேண்டியது. 1954-ல் ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் அணியோடு பயணம் செய்தபோது கார் விபத்தில் முடங்கிப்போனார். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணிகளுக்குப் பயிற்சியாளராகப் பல காலம் வேலை செய்தார். 1998-ல் இறந்தார்.

பிலடெல்பியாவிலிருந்து திரும்பிய ரயில்

பிப்ரவரி 17 இரவு, சிட்டி அணி பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை 95–71 என்று வென்றுவிட்டு ரயிலேறியது. அதே ரயிலில் ஹோகனின் துப்பறிவாளர்கள். ஹோல்மனைத் தனியாக அழைத்து, உங்கள் ஆட்டக்காரர்கள் சிலரை விசாரிக்க வேண்டும் என்றார்கள். நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கியதும் வார்னர், ரோமன், ராத் மூவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

கல்லூரி அதிர்ந்துபோனது. மாணவர்கள் கூட்டம் கூடினார்கள். கைதாகாமல் எஞ்சியிருந்த நட்சத்திரம் லேன். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டாடினார்கள். நம் கல்லூரியின் மானம் காத்தவன் இவன் என்று. அந்த நேரத்தில் அந்தத் தோள்களின் மேல் உட்கார்ந்திருந்த பையனின் மனதை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது. கீழே கத்துகிறவர்கள் ஒவ்வொருவரும் தன் நண்பர்கள். வீட்டில் பூந்தொட்டிக்குள் அந்தக் கைக்குட்டை. சில நாட்களில், பிப்ரவரி 27 அன்று, அவரும் கைதானார். மார்ச் மாதம் டாம்ப்ராட், மேகர், ஹெர்ப் கோஹன் ஆகியோரும், இரட்டைப் பட்டம் வென்ற சீசனின் ஆட்டங்களுக்காக.

விசாரணை விரிந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் வைட், நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒருவர், சிக்கினார். நியூயார்க் என்ற பாவ நகரத்தின் வியாதி இது என்று வெளியூர்க்காரர்கள் பேசினார்கள். சூதாடிகள் பத்தடிக் கம்பை வைத்துக்கூட என் பையன்களைத் தொட முடியாது என்றார் கென்டக்கியின் ரப். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய முன்னாள் வீரர்கள் அலெக்ஸ் க்ரோசா, ரால்ஃப் பியர்ட் இருவரும் கைதானார்கள். 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்கள் அவர்கள். பிராட்லியும் தப்பவில்லை; கார்டனில் கடைசி நொடியில் கூடையை நோக்கிப் பாய்ந்த மெல்கியோரும் பட்டியலில் இருந்தார். ஹோகன் தரப்பின் இறுதிக் கணக்கு: 1947 முதல் 1950 வரை 86 ஆட்டங்கள், 17 மாநிலங்களில் 23 நகரங்கள், 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள்

1951 நவம்பரில் நீதிபதி சால் ஸ்ட்ரைட் தண்டனை அறிவித்தார். சோலாசோவுக்கு 8 முதல் 16 ஆண்டு சிறை. வார்னருக்கு 6 மாதம், ஷெர்மன் வைட்டுக்கு ஓராண்டு. லேன், ரோமன் போன்றோருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. என்பிஏ என்ற தொழில்முறை லீகின் கதவு எல்லோருக்கும் ஆயுளுக்கும் மூடியது. என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1951 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் மெல்கியோர். ஓர் ஆட்டம்கூட அங்கே ஆடவில்லை. க்ரோசாவும் பியர்டும் தாங்கள் ஆடிய இண்டியானாபோலிஸ் அணியில் பங்குதாரர்கள், அதையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஸ்ட்ரைட்டின் தீர்ப்பு பையன்களோடு நிற்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும். கல்லூரி விளையாட்டு வியாபாரமாகிவிட்டதை விரிவாகச் சாடினார். பின்னர் கென்டக்கி வழக்கில் ரப்பையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். கென்டக்கி 1952–53 சீசன் முழுக்க ஆடாமல் இருக்க நேர்ந்தது; அடுத்த சீசனில் திரும்பி வந்து மறுபடியும் பெரிய அணியாகவே தொடர்ந்தது. ரப்பின் பெயர் தாங்கிய பெரிய அரங்கம் இன்றும் லெக்சிங்டனில் இருக்கிறது.

சிட்டி காலேஜில் வேறொரு புண் வெளியே வந்தது. உயர்கல்வி வாரிய விசாரணையில், சில ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதற்காகப் பள்ளி மதிப்பெண் பதிவுகள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. மதிப்பெண் ஒன்றே வாசல் என்று பெருமைப்பட்ட கல்லூரிக்கு இது லஞ்சத்தைவிடப் பெரிய அடி என்பேன். புள்ளியைத் திருத்தக்கூடாது என்று எந்தப் பையனைக் கண்டித்தார்களோ, அவனுடைய மதிப்பெண்ணை யாரோ ஒரு பெரியவர் முன்பே திருத்தியிருந்தார்.

ஹோல்மன் தனக்கு எதுவும் தெரியாது என்றே கடைசிவரை சொன்னார். 1952-ல் இடைநீக்கம் செய்யப்பட்டார், பிறகு பணியிலிருந்து நீக்கப்பட்டார், 1954-ல் மாநிலக் கல்வி ஆணையர் அவரைத் திரும்பச் சேர்த்தார். 1960 வரை பயிற்சியாளர். 1964-ல் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம். 1995-ல் இறந்தார். கல்லூரி வளாகத்தின் உடற்பயிற்சிக்கூடத்துக்கு அவர் பெயர்தான்.

அணி கார்டனை விட்டு வெளியேறியது. வளாகத்துக்குள் இருந்த சின்ன விங்கேட் கூடத்துக்குத் திரும்பினார்கள், அருகிலுள்ள சிறு கல்லூரிகளோடு ஆடினார்கள். லாங் ஐலண்ட் பல்கலைக்கழகம் சில ஆண்டுகள் அணியையே கலைத்துவிட்டது. சிட்டி காலேஜ் இன்று என்சிஏஏவின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. விளையாட்டு உதவித்தொகை இல்லாத பிரிவு அது. 1950 பட்டம் பறிக்கப்படவில்லை. சாம்பியன்கள் பட்டியலில் இன்றும் அந்த வரி அப்படியே இருக்கிறது.

பையன்கள் பிறகு

டாம்ப்ராட் பல் மருத்துவர் ஆனார். ரோமன் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார், 1988-ல் இறந்தார். வார்னர்தான் அதிகம் பட்டவர். என்ஐடியின் சிறந்த வீரர், பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவர். 1960-களில் போதைப்பொருள் வழக்கில் மறுபடியும் சிறைக்குப் போனார். வெளியே வந்து, நியூயார்க்கில் பள்ளி ஆட்டங்களுக்கும் திடல் ஆட்டங்களுக்கும் நடுவராக ஊதினார். 1984-ல் ஒரு கார் விபத்து அதையும் நிறுத்தியது. 2002-ல் இறந்தார்.

லேன் சிறு தொழில்முறை லீகுகளில் ஆடினார், பிராங்க்ஸில் இளைஞர்களுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். அவரிடம் வந்து சேர்ந்த பையன்களில் ஒருவர் நேட் ஆர்ச்சிபால்ட். படிப்பை விட்டுவிடும் நிலையில் இருந்த ஆர்ச்சிபால்டை லேன் பள்ளியிலும் ஆட்டத்திலும் பிடித்து நிறுத்தினார். 1972–73 சீசனில் ஆர்ச்சிபால்ட் என்பிஏவில் ஒரே ஆண்டில் அதிகப் புள்ளி, அதிக அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) இரண்டிலும் முதலிடம் பிடித்தார். லேனுக்கு மூடிய கதவுக்குள் லேன் வளர்த்த பையன் போனார்.

அடுத்த ஆண்டு, 1974-ல், சிட்டி காலேஜ் தன் வார்சிட்டி கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடியது. விண்ணப்பித்தவர்களில் லேனும் இருந்தார். கல்லூரி அவரையே தேர்ந்தெடுத்தது. 1988 வரை அந்த வேலையில் இருந்தார்.